ஒன்று கத்தினால் எல்லாம் கத்த வேண்டும்: 2027-க்கு முன் வீட்டுப் புகை அலாரங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஆட்கள் குடியிருக்கும் வீடு ஒவ்வொன்றிலும், 2027 ஜனவரி 1 முதல், ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரங்கள் இருந்தாக வேண்டும். புது வீடுகளுக்கு இந்த விதி 2017 ஜனவரி 1-இல் வந்தது. விற்கும் வீடுகளுக்கும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் 2022 ஜனவரி 1-இல் வந்தது. மிச்சம் இருப்பவர்கள் சொந்த வீட்டில் தாமே குடியிருப்பவர்கள். வாடகைக்கு விடுபவருக்கு ஏஜென்ட் நினைவூட்டுவார். விற்பவருக்கு வழக்கறிஞர் நினைவூட்டுவார். தன் வீட்டில் தானே இருப்பவருக்கு யாரும் சொல்வதில்லை. பிரிஸ்பேனிலும் லோகனிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் பல இந்த வகைதான் என்பதால் இதை எழுதுகிறோம்.

சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு, ‘அரசாங்கம் இன்னொரு செலவு வைக்கிறது’ என்று பேசுவது எளிது. 2011 ஆகஸ்டில் லோகனின் ஸ்லாக்ஸ் கிரீக் பகுதியில் ஒரே வீட்டில் 11 பேர் தீயில் இறந்தார்கள். அந்த மரண விசாரணைக்குப் பிறகுதான் படுக்கையறைதோறும் அலாரம், எல்லாம் இணைந்தே இருக்க வேண்டும் என்ற திருத்தம் 2016-இல் நிறைவேறியது. பாட்டி தாத்தா, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள் என்று பலர் சேர்ந்து வாழும் வீடுகளுக்கு இந்தச் சட்டம் குறிப்பாகப் பொருந்தும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். வயர்லெஸ் அலாரம் என்றால் கடையில் ஆறு பெட்டி வாங்கி சீலிங்கில் ஆறையும் திருகிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொன்றின் பட்டனையும் அழுத்தினால் ஒவ்வொன்றும் கத்துகிறது, சரி என்று ஏணியை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அந்தச் சோதனை எதையும் காட்டவில்லை. ஆறு தனித்தனி அலாரங்கள் இருக்கின்றன என்பது மட்டுமே அதில் தெரியும். ஒன்று கத்தும்போது மற்ற ஐந்தும் கத்துகின்றனவா என்பதுதான் சட்டம் கேட்பது. உயிரைக் காப்பதும் அதுதான்.

ஏன் என்றால், கதவு. படுக்கையறைக் கதவை மூடிக்கொண்டு தூங்குவது தீயின்போது நல்லது. புகையும் சூடும் உள்ளே வர நேரம் பிடிக்கும். ஆனால் அதே கதவு காரிடாரில் கத்தும் அலாரத்தின் ஓசையையும் தடுக்கிறது. அலாரம் 3 மீட்டர் தொலைவில் 85 டெசிபல் ஓசை தர வேண்டும். ஒரு மாடி, இரண்டு கதவு, ஓடிக்கொண்டிருக்கும் ஏசி ஆகியவற்றைத் தாண்டி அது போய்ச் சேரும்போது தூங்குபவரை எழுப்பும் அளவுக்கு இருப்பதில்லை. கீழே வரவேற்பறையில் ஒரு சார்ஜர் புகைய ஆரம்பித்தால், மேலே தலைமாட்டில் இருக்கும் அலாரம் கத்த வேண்டும்.

இதில் இன்னொன்றும் உண்டு. மெல்பர்னில் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் டோரதி பிரக் 1990-களின் கடைசியிலிருந்து செய்த ஆய்வுகள், பிள்ளைகளில் பெரும்பாலோர் வழக்கமான கீச்சு அலாரத்துக்கு எழுவதே இல்லை என்று காட்டின. எனவே பிள்ளையின் அறையில் அலாரம் வைத்துவிட்டோம், அவன் எழுந்துவிடுவான் என்று கணக்குப் போடக் கூடாது. அந்த அறையில் பிடித்த புகை உங்கள் அறையில் இருக்கும் அலாரத்தைக் கத்த வைக்கும். நீங்கள் எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இணைப்பு இல்லையென்றால் இந்த ஏற்பாடு முழுதும் வீண். ஊரிலிருந்து வந்து தங்கும் வயதான பெற்றோருக்கும் இதே சிக்கல். வயதாகும்போது முதலில் குறைவது கீச்சு ஓசைகளைக் கேட்கும் திறன். காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குபவருக்குச் சொல்லவே வேண்டாம். அவர்களை யார் போய் எழுப்புவது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். படுக்கையை அதிர வைக்கும் தட்டும் பளிச்சிடும் விளக்கும் சேர்ந்த அலாரங்களும் கிடைக்கின்றன.

எத்தனை வேண்டும் என்பதில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒன்று குறைகிறது. விதி இது: ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று. படுக்கையறைகளை வீட்டின் மற்றப் பகுதியோடு இணைக்கும் காரிடாரில் ஒன்று. காரிடார் இல்லையென்றால் படுக்கையறைக்கும் மற்றப் பகுதிக்கும் நடுவில். படுக்கையறையே இல்லாத தளத்தில், வெளியேறும்போது நடந்துபோகும் வழியில் குறைந்தது ஒன்று. மூன்று படுக்கையறைகள் ஒரே காரிடாரில் இருக்கும் ஒருதள வீட்டுக்கு நான்கு. மேலே நான்கு படுக்கையறை உள்ள மாடி வீட்டுக்கு மேல்தளத்தில் ஐந்தும் கீழே ஒன்றுமாக ஆறு. கீழே உள்ள படிப்பறையை அப்பா அம்மா வந்தால் படுக்கையறையாக மாற்றுகிறீர்கள் என்றால் அதற்குள்ளும் ஒன்று, ஆக ஏழு. அப்போது கீழ்த்தளத்து அலாரமும் அந்த அறைக்கும் மற்றப் பகுதிக்கும் நடுவே இருக்கும்படி நகர வேண்டும்.

இங்கே அதிகம் கட்டப்படும் ஒருதள வீடுகளில் பெரிய படுக்கையறை வாசலை ஒட்டியும், பிள்ளைகளின் அறைகள் பின்பக்கமும் இருக்கும். பின்பக்கக் காரிடாருக்கு ஒன்று வைத்துவிட்டு முன்பக்க அறைக்கு வெளியே வைக்க மறந்துவிடுகிறார்கள். நான்கு படுக்கையறை கொண்ட அப்படிப்பட்ட வீட்டுக்கு ஐந்து போதாது, ஆறு. கராஜை அறையாக மாற்றி அங்கே யாராவது தூங்கினால் அதையும் படுக்கையறையாகவே எண்ணுங்கள்.

அடுத்து, சீலிங்கில் எந்த இடம். சுவரும் சீலிங்கும் சேரும் மூலையிலிருந்து 300 மி.மீ. தள்ளி, விளக்கிலிருந்து 300 மி.மீ. தள்ளி, ஏசி காற்று வரும் துவாரத்திலிருந்து 400 மி.மீ. தள்ளி, மின்விசிறி இறக்கையிலிருந்து 400 மி.மீ. தள்ளி. கடைசியாகச் சொன்னது சிறிய அறைகளில் தொல்லை தருகிறது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, நடுவில் 1300 மி.மீ. விட்டமுள்ள விசிறி என்று வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளியிலிருந்து இறக்கை முனை 650. அதோடு 400 சேர்த்தால் 1050. சுவர் 1500-இல் இருக்கிறது. அதில் 300 கழித்தால் 1200. நேராக வைத்தால் கிடைப்பது 150 மி.மீ. அகலம்தான், அலாரமே ஏறத்தாழ 120 மி.மீ. இருக்கும். அதனால் அறை மூலையை நோக்கிக் குறுக்காகப் போங்கள். இரண்டு சுவரிலிருந்தும் 450 மி.மீ. தள்ளி அலாரத்தின் நடுப்புள்ளி இருந்தால் எல்லா அளவும் தாராளமாகத் தேறும். அளவை எப்போதும் அலாரத்தின் விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும். இறக்கையை அளக்கும்போது மோட்டாரிலிருந்து அளக்கும் தவறும் நடக்கிறது.

விசிறிக் காற்று புகையைக் கலைத்து அலாரத்துக்குள் போகவிடாமல் செய்கிறது. மூலையில் காற்று தேங்கிப் புகை அங்கே கடைசியாகத்தான் போகிறது. இந்தத் தூரங்களுக்கெல்லாம் காரணம் இவ்வளவுதான். சரிவான சீலிங்கிலும் உச்சியில் காற்று தேங்கும். அங்கே உச்சியிலிருந்து 500 முதல் 1500 மி.மீ.க்குள் வையுங்கள். உத்தரம் வெளியே தெரியும் சீலிங்குகளுக்கும் படிக்கட்டுகளுக்கும் தனி அளவுகள் உண்டு. குயின்ஸ்லாந்து தீயணைப்புத் துறையின் ‘சேஃப்ஹோம்’ சேவையைக் கேட்டால் தீயணைப்பு வீரர்களே வீட்டுக்கு இலவசமாக வந்து இடம் காட்டுவார்கள். இந்தச் சேவையைத் தமிழர்கள் அதிகம் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. சீருடையில் வருபவர்கள் அபராதம் போடுவார்கள் என்ற பயம் போலும்; அவர்கள் அதற்கு வருவதில்லை.

வாங்கும்போது பெட்டியிலும் அலாரத்தின் முதுகிலும் ‘ஏஎஸ் 3786-2014’ என்ற ஆஸ்திரேலியத் தரக் குறியீடும், இங்குள்ள விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் ‘ஆர்சிஎம்’ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். உணர்வான் ஃபோட்டோஎலக்ட்ரிக், அதாவது ஒளியால் புகையை உணரும் வகையாக இருக்க வேண்டும். அயனைசேஷன் உணர்வான், அதாவது கதிரியக்கப் பொருளால் புகையை உணர்வது, கூடவே இருக்கும் கலப்பு வகையும் ஆகாது. ஃபோட்டோஎலக்ட்ரிக் அலாரத்துக்குள் ஒரு இருண்ட சிறு அறை உண்டு. அதில் அகச்சிவப்பு எல்.இ.டி. ஒன்றும், அதன் ஒளி நேராக விழாத கோணத்தில் ஒளியை உணரும் டயோடு ஒன்றும் இருக்கும். புகைத்துகள் நுழைந்தால் ஒளி சிதறி டயோடில் படும், அலாரம் கத்தும். மெத்தை, சோபா, மின்கம்பி போன்றவை கொழுந்துவிடாமல் நெடுநேரம் புகையும்போது இந்த வகை முந்திக்கொள்கிறது. இரவில் தூங்குபவரைக் கொல்வது பெரும்பாலும் அந்தப் புகைதான்.

இந்தியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ மலிவாக அலாரம் கொண்டுவந்து மாட்டாதீர்கள். சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புது வீடுகளில் கட்டாயமாக்கிய அலாரம் தனித்து இயங்கினாலே போதுமானது. அதன் தரம் ஐரோப்பிய ‘இஎன் 14604’ சார்ந்தது. ஸ்காட்லாந்தில், லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீக்குப் பிறகு, 2022 பிப்ரவரி முதல், இணைந்த அலாரம் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். ஆனால் அங்கே வரவேற்பறையிலும் நடைகளிலும் புகை அலாரம், சமையலறையில் வெப்ப அலாரம் என்று கணக்கு வேறு. வயர்லெஸ் அலைவரிசையும் வேறு: அங்கே பெரும்பாலும் 868 மெகாஹெர்ட்ஸ், இங்கே பல மாடல்கள் 433 மெகாஹெர்ட்ஸை ஒட்டியவை. லண்டன் அண்ணன் அனுப்பிய அலாரம் இங்கே சட்டத்துக்கும் ஆகாது, இங்குள்ள அலாரங்களோடும் பேசாது.

‘பேசாது’ என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எந்த மொழியில் அலாரங்கள் செய்தி பரிமாற வேண்டும் என்று தரக் குறியீடு வரையறுப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் அலாரம் இன்னொரு நிறுவனத்தின் அலாரத்தோடு இணையாது. ஒரே நிறுவனத்தின் பழைய மாடலும் புது மாடலும்கூடச் சில சமயம் இணைவதில்லை. இரண்டு வருடம் முன்பு நான்கு வாங்கியவர், இப்போது தள்ளுபடியில் இரண்டு வாங்கிச் சேர்க்கும்போது அகப்படுவது இதில்தான். எல்லாவற்றையும் ஒரே மாடலில் ஒரே நேரத்தில் வாங்குங்கள். இந்த இணைப்புக்கும் வீட்டு வைஃபைக்கும் சம்பந்தமில்லை. இண்டர்நெட் போனாலும் மின்சாரம் போனாலும் அலாரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும். கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வசதி தனி. அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை.

மின்சாரம் எங்கிருந்து என்பதில் இரண்டு வழி. ஒன்று, 240 வோல்ட் வயரும் மாற்று பேட்டரியும் உள்ளது. இன்னொன்று, கழற்ற முடியாதபடி உள்ளே அடைத்த 10 வருட லித்தியம் பேட்டரி உள்ளது. பேட்டரி வகையை வீட்டுக்காரரே மாட்டலாம். 240 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மட்டுமே தொடலாம். 1997 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் காரிடாரில் ஒரு 240 வோல்ட் அலாரம் இருக்கும். அதைக் கழற்றி வீசிவிட்டு அந்த இடத்தில் பேட்டரி அலாரம் மாட்டுவது சட்டப்படி தவறு. 240 வோல்ட் இருந்த இடத்தில் 240 வோல்ட்தான் வர வேண்டும். இரண்டு வகையும் ஒரே வீட்டில் கலந்து இருக்கலாம். அப்படியானால் அந்த வயர் அலாரத்தை மாட்டும் அடித்தட்டில் வயர்லெஸ் வசதி இருக்க வேண்டும். அது பேட்டரி அலாரங்களோடு ஒரே குடும்பமாக, அதாவது ஒரே நிறுவனத்தின் தமக்குள் இணையும் மாடலாக, இருக்க வேண்டும். படுக்கையறை அலாரம் கத்தி வயர் அலாரம் கத்துகிறதா, வயர் அலாரம் கத்தி படுக்கையறை அலாரம் கத்துகிறதா என்று இரு திசையிலும் பார்க்க வேண்டும்.

2014 மே முதல் 2016 கடைசி வரை கட்டிய வீடுகளில் காரிடார் அலாரங்கள் வயரால் இணைந்தே இருக்கும். படுக்கையறைகளில் மட்டும் இருக்காது. அவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அலாரத்தின் முதுகைப் பாருங்கள். தயாரித்த தேதியிலிருந்து 10 வருடம் தாண்டிய அலாரத்தை மாற்றியே ஆக வேண்டும். மாட்டிய தேதியிலிருந்து அல்ல, தயாரித்த தேதியிலிருந்து. 2017-இல் சட்டப்படி எல்லாம் செய்து கட்டிய வீட்டில் 2016-இல் தயாரான அலாரம் இருந்திருக்கும். ‘நம் வீடு புது வீடு, நமக்கு இல்லை’ என்று அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே அந்த அலாரங்களின் ஆயுள் முடிகிறது. இது எங்கும் விளம்பரமாவதில்லை.

இனி இணைக்கும் முறை. மாடலுக்கு மாடல் பட்டன் மாறும், கையேடு பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆனால் போக்கு ஒன்றே. மாட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஓர் அறையில் மேசையில் பரப்புங்கள், ஒன்றையொன்று ஒட்டாமல். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத் தாளில் எண்ணும் அறையின் பெயரும் எழுதி முதுகில் ஒட்டுங்கள். பேட்டரியை இயக்குங்கள்; சிலவற்றில் சிறு சுவிட்ச், சிலவற்றில் தட்டில் வைத்துத் திருகினால் தானே இயங்கும். முதல் அலாரத்தில் இணைப்புப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு எரியும். அது ‘கற்கும்’ நிலை. பிறகு அடுத்தடுத்த அலாரங்களிலும் அதே பட்டனை அழுத்திச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எல்லாம் சேர்ந்ததும் அந்த நிலையிலிருந்து வெளியேற வேண்டும். சில மாடல் குறிப்பிட்ட நிமிடங்களில் தானே வெளியேறிவிடும்.

தவறு நடப்பது இந்தக் கடைசி இரண்டு வரியில். ஐந்தாவது அலாரத்தை எடுத்துக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது நேரம் முடிந்து முதல் அலாரம் கற்கும் நிலையிலிருந்து வெளியேறியிருக்கும். ஐந்தும் ஆறும் தமக்குள் இணைந்து தனிக் குழுவாகிவிடும். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எது கத்துகிறது, எது கத்தவில்லை என்று கண்டுபிடிப்பது கடினம். இன்னொரு கோளாறு, டவுன்ஹவுஸ்களில். பக்கத்து வீட்டிலும் அதே நாளில் அதே மாடலை யாராவது இணைத்துக்கொண்டிருந்தால் அவர்களுடைய அலாரம் உங்கள் குழுவில் சேரலாம். அவர்கள் தோசை கருக்கினால் உங்கள் வீட்டில் எல்லாம் கத்தும். அப்போது ‘மெமரி’யை அழித்து முதலிலிருந்து செய்வதைத் தவிர வழியில்லை.

இணைத்த பிறகு மாட்டுங்கள். ஜிப்சம் பலகைச் சீலிங்கில் அதற்கென்று உள்ள பிளக் போட்டுத் திருகுங்கள். ஒட்டும் டேப்பை நம்பாதீர்கள். பிப்ரவரி வெயிலில் கூரைக்கு அடியில் பசை இளகி அலாரம் கட்டிலில் வந்து விழும்.

மாட்டிய பிறகுதான் உண்மையான சோதனை. இரண்டு பேர் வேண்டும். எல்லாப் படுக்கையறைக் கதவுகளையும் சாத்துங்கள். ஒருவர் கையில் கைபேசியோடு வீட்டின் கடைசி அறையில் இருக்க வேண்டும். இன்னொருவர் முதல் அலாரத்தின் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். சில விநாடிகள் தாமதித்து மற்றவை கத்தத் தொடங்கும். தாமதம் இருப்பது இயல்பு, பொறுங்கள். கத்தாத அலாரம் எது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாவது அலாரத்தில் அழுத்துங்கள். ஆறு அலாரம் இருந்தால் ஆறு முறை. முதல் அலாரத்திலிருந்து மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தினால், அது அனுப்புகிறது என்று தெரியும். மற்றவை அனுப்புகின்றனவா என்று தெரியாது. பிள்ளையின் அறையிலிருந்து செய்தி உங்கள் அறைக்கு வருகிறதா என்பதே நமக்குத் தேவை.

கத்தாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் உலோகம். பெட்டியில் ‘100 மீட்டர்’ என்று எழுதியிருப்பது திறந்தவெளிக் கணக்கு. சுவருக்குள் இருக்கும் அலுமினியத் தாள் ஒட்டிய இன்சுலேஷன், தகரக் கூரை, ஏசி குழாய்கள், குளிர்சாதனப் பெட்டி, கண்ணாடி பதித்த அலமாரிக் கதவு எல்லாம் ரேடியோ அலையை விழுங்கும் அல்லது திருப்பி அனுப்பும். தூண்மேல் நின்ற பழைய குயின்ஸ்லாந்தர் வீட்டின் அடியை அடைத்து அறை கட்டியிருந்தால், மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே அலுமினியத் தாள் ஒட்டிய இன்சுலேஷன் இருக்கலாம். அலை இறங்குவது கஷ்டம். தீர்வு, படிக்கட்டின் மேல்முனையில் ஓர் அலாரம் வைப்பது. பல மாடல்களில் ஒவ்வொரு அலாரமும் வந்த செய்தியை மறுபடி அனுப்பும். நடுவில் ஒன்று நின்றால் இரண்டு பக்கத்தையும் இணைத்துவிடும். வாங்குமுன் இந்த மறு அனுப்பல் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சில சமயம் அலாரத்தை ஒரு சாண் நகர்த்தினாலே போதும். இழுபறியான இணைப்பை அப்படியே விடுவது நல்லதல்ல. அலாரம் திரும்பத் திரும்ப முயன்று பேட்டரியை 10 வருடத்துக்கு முன்பே தீர்த்துவிடும்.

இந்தப் பட்டன் சோதனை மின்னணுப் பகுதியைத்தான் பார்க்கிறது, புகை உள்ளே போகிறதா என்பதை அல்ல. அதற்கு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடிப்பவர்கள் உண்டு. வேண்டாம். ஊதுபத்தி எண்ணெய்ப் பிசுக்கு அந்தச் சிறு இருட்டறைக்குள் படிந்தால் ஒளி சிதறிக்கொண்டே இருக்கும், பிறகு காரணமில்லாமல் கத்தும். சோதனைக்கென்றே விற்கும் ஸ்ப்ரே இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம்.

தமிழ் வீடுகளில் அலாரம் கழற்றப்படுவது சமையலால்தான். அதனால் இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறோம். சமையலறையில் புகை அலாரம் வைக்கச் சட்டம் கேட்கவில்லை. அங்கே வைக்காதீர்கள். வேண்டுமானால் அதே குடும்பத்து வெப்ப அலாரத்தைச் சமையலறையில் வைத்து இணைக்கலாம். அது புகைக்குக் கத்தாது, சூட்டுக்குக் கத்தும். ஆனால் எந்தப் புகை அலாரத்துக்கும் அது பதிலாகாது. சமையலறையும் வரவேற்பறையும் ஒன்றாகத் திறந்த வீட்டில் காரிடார் அலாரம், விதிக்குள் நின்றபடியே, அடுப்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போகட்டும்.

பிறகு அடுப்பின்மேல் உள்ள உறிஞ்சியைப் பாருங்கள். பல வீடுகளில் அது புகையை வெளியே தள்ளுவதில்லை. வடிகட்டி வழியாக உறிஞ்சி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறது. எண்ணெய் காய்ந்து கடுகும் மிளகாயும் வெடிக்கும்போது எழும் எண்ணெய்த் துகள் ஃபோட்டோஎலக்ட்ரிக் அலாரத்துக்கு அசல் புகைதான். வெளியே தள்ளும் குழாய் போட ஆகும் செலவு நியாயமானது. குழாய் போட முடியாதவர்கள் தாளிக்கும் முன்பே ஜன்னலைத் திறந்து, படுக்கையறைக் கதவுகளைச் சாத்திவிடுங்கள். சாம்பிராணியை வெளியே பேட்டியோவில் போட்டு, தணிந்த பிறகு உள்ளே காட்டுங்கள். குளியலறைக் கதவுக்கு நேரே அலாரம் இருந்தால் வெந்நீர் ஆவியும் அதைக் கத்த வைக்கும்.

கத்திவிட்டால்? எல்லாம் ஒன்றாகக் கத்தும்போது எது தொடங்கியது என்று தெரியாமல் ஏணி போட்டு எல்லாவற்றையும் கழற்றுவதும், திரும்ப மாட்ட மறப்பதும்தான் வழக்கம். பல மாடல்களில் தொடங்கிய அலாரத்தில் மட்டும் சிவப்பு விளக்கு வேகமாக மின்னும். அதன் ‘ஹஷ்’ (அடக்கும்) பட்டனை அழுத்தினால் ஏறத்தாழ பத்து நிமிடம் அடங்கி, பிறகு தானே விழிப்புக்கு வரும். சுவரில் மாட்டும் ரிமோட் உள்ள மாடல் வாங்கினால் கையெட்டும் உயரத்திலேயே அடக்கலாம், சோதிக்கலாம், எது தொடங்கியது என்றும் பார்க்கலாம். சமையல் அதிகமாக நடக்கும் வீட்டுக்கு இதில் கஞ்சத்தனம் வேண்டாம். அலாரத்தின்மேல் பிளாஸ்டிக் பையோ குளியல் தொப்பியோ கட்டுவதும், பெயிண்ட் அடிப்பதும், கழற்றி டிராயரில் போடுவதும் சட்டவிரோதம்.

நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றை ‘கீச்’ வந்தால் அது தீ அல்ல. பேட்டரி குறைந்தது அல்லது உணர்வானில் கோளாறு. அடைத்த பேட்டரி வகை என்றால் அலாரத்தையே மாற்ற வேண்டும். மாற்றிய புதியதைக் குழுவில் இணைக்கவும் வேண்டும். விடியற்காலையில் மட்டும் கீச்சென்றால், குளிரில் பேட்டரி அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். பகலில் அடங்கிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது வாக்குவம் கிளீனரின் மென்தூரிகையால் துவாரங்களைத் துடையுங்கள். சிறு பூச்சியும் சிலந்தியும் உள்ளே கூடு கட்டுவது இந்தச் சீதோஷ்ணத்தில் சாதாரணம். அலாரத்துக்குள் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. வீட்டில் சுவர் தேய்க்கும் வேலை நடக்கும்போது மட்டும் அலாரத்தோடு வந்த தூசி மூடியைப் போட்டு, அன்று மாலையே எடுத்துவிடுங்கள்.

வாடகை வீடுகளைப் பற்றிச் சுருக்கமாக. புது ஒப்பந்தத்துக்கோ புதுப்பிப்புக்கோ முந்தைய 30 நாளுக்குள் உரிமையாளர் ஒவ்வோர் அலாரத்தையும் சோதித்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும். குடியிருப்பவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது அதையே செய்ய வேண்டும்; பழுது தெரிந்தால் உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். சொன்னதை எழுத்தில் சொல்லுங்கள்.

அலாரம் கத்தி எழுந்தபின் வெளியே போக முடியாத வீடுகளும் இருக்கின்றன. திருட்டுப் பயத்தில் இரும்புக் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து உள்ளறையில் வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது சாவி கதவிலேயே, அல்லது கதவை ஒட்டி எல்லோருக்கும் தெரிந்த ஆணியில், இருக்க வேண்டும். வெளியே வந்தபின் 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

பழைய அலாரங்களைக் கழற்றியபின் என்ன செய்வது என்ற கேள்வி வரும். அயனைசேஷன் வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு இருக்கிறது. முதுகில் கதிரியக்கக் குறி இருக்கும். ஒன்றிரண்டை வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடலாம். உடைக்கவோ எரிக்கவோ கூடாது. பிள்ளைகள் பிரித்துப் பார்க்க விடக் கூடாது. கோயில், சங்கக் கட்டடம் போன்ற இடங்களில் ஒரே நேரத்தில் பத்துக்கு மேல் சேர்ந்தால் குப்பையில் போடாமல் மாநிலச் சுகாதாரத் துறையின் கதிரியக்கப் பிரிவைக் கேட்க வேண்டும். அடைத்த லித்தியம் பேட்டரி அலாரத்தை முதலில் அணைத்துவிட்டு பேட்டரி மறுசுழற்சி எடுக்கும் இடத்தில் கொடுங்கள். அது உள்ளூர்க் கவுன்சிலின் குப்பைச் சேகரிப்பு நிலையங்களில் இருக்கும்.

இப்படிக்கு,
மின்பணியாளர்கள் சிலர்,
லோகன், குயின்ஸ்லாந்து